பொடி உங்களுடையது, பெயர் யாருடையது?

சென்ற இதழில் வீட்டிலிருந்தபடியே வற்றல், வடகம் போட்டு விற்பதைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களில் பலவற்றில் ஒரே கேள்விதான். "நாங்கள் ஆசையாக வைத்த பெயரை வேறு ஒருவர் வைத்துக்கொண்டு விற்றால் என்ன செய்வது? டிரேட் மார்க் பதிவு செய்ய வேண்டுமாமே, அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்களுக்குத்தானே?"

இல்லை சகோதரிகளே. அடுப்படியில் பொடி இடித்து, மாதம் நூறு பாக்கெட் விற்கிற நமக்கும் அது உண்டு. சொல்லப் போனால் நமக்குத்தான் அது அதிகம் வேண்டும். பெரிய கம்பெனிக்குக் கட்டிடம் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, விளம்பரத்துக்குப் பணம் இருக்கிறது. நமக்கு இருப்பது கைப்பக்குவமும், அதை நம்பி வாங்குகிறவர்கள் நினைவில் வைத்திருக்கும் பெயரும்தான்.

அச்சாபீஸில் லேபிள் அடித்து ஒட்டியதும் பெயர் நமக்குச் சொந்தமாகிவிட்டது என்று பலர் நினைக்கிறோம். "உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு எண் வாங்கியாச்சு, ஜி.எஸ்.டி. எண் இருக்கு, பாங்கில் கடை பெயரில் கணக்கு இருக்கு, இன்னும் என்ன?" என்று திருச்சி சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு காரியத்துக்கு. உணவுப் பதிவு, சாப்பிடுகிற பொருளைச் சுத்தமாகச் செய்கிறீர்களா என்று பார்க்க. ஜி.எஸ்.டி. வரிக்கு. பெயருக்கு என்று உள்ளது டிரேட் மார்க் பதிவுதான். 1999-ஆம் வருஷத்துச் சட்டம், 2003 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்னாலும் 1940-லும் 1958-லும் சட்டங்கள் இருந்தன. புதிய சங்கதி ஒன்றுமில்லை.

பெயர் என்றால் எத்தனை தூரம் போவார்கள் என்பதற்கு நம் சென்னையிலேயே ஒரு பழைய வழக்கு இருக்கிறது. அதுவும் பொடி வழக்குதான், ஆனால் மூக்குப்பொடி! சென்னையில் 'ஸ்ரீ அம்பாள்' என்ற பெயரைப் பதிவு செய்து ஒரு நிறுவனம் மூக்குப்பொடி விற்று வந்தது. அதே சென்னையில் இன்னொரு வியாபாரி 'ஸ்ரீ ஆண்டாள்' என்ற பெயரில் தம் மூக்குப்பொடிக்குப் பதிவு கேட்டார். லேபிள்களைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஒன்றில் அம்பாள் படம், மற்றதில் ஆண்டாள் படம். நம் வீட்டுக் குழந்தைகூட இது வேறு அது வேறு என்று சொல்லிவிடும். ஒருவர் சிவபெருமானின் தேவி, மற்றவர் ஸ்ரீரங்கத்து ரங்கநாதரை வரித்துக்கொண்ட ஆழ்வார்.

ஆனால் 1969-ல் சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிற்று தெரியுமா? கண்ணுக்கு வேறாக இருந்தால் போதாது, காதுக்கும் வேறாக இருக்க வேண்டும் என்றது. அம்பாள், ஆண்டாள், இரண்டையும் கடைக்காரரிடம் வாயால் கேட்டுப் பாருங்கள். ஒலி எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது! தென்னாட்டு இந்துக்களுக்கு வித்தியாசம் தெரியும், ஆனால் அந்தப் பொடியை வாங்குகிறவர்கள் அவர்கள் மட்டுமா? வேறு மதத்தாரும் வடக்கே இருப்பவர்களும் வாங்குகிறார்களே, அவர்கள் ஏமாற மாட்டார்களா என்றும் கேட்டது. ஆண்டாளுக்குப் பதிவு கிடைக்கவில்லை.

இன்னொன்று பிஸ்கட் வழக்கு. 1972-ல் தீர்ப்பானது. பார்லே கம்பெனியின் குளுக்கோ பிஸ்கட் காகிதத்தில் ஒரு பண்ணை, நடுவில் தண்ணீர் வாளியோடு ஒரு பெண், சுற்றிலும் பசுக்கள், கோழிகள். மைசூர்க் கம்பெனி ஒன்றின் பிஸ்கட் காகிதத்திலும் ஒரு பெண், பசுக்கள், கோழிகள். ஆனால் அவள் தலையில் வைக்கோல் கட்டு. உற்றுப் பார்த்தால் எத்தனையோ வித்தியாசம் சொல்லலாம். ஆனால் கடைக்குப் போகிறவர்கள் இரண்டு பாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் கண்டுபிடித்தா வாங்குகிறார்கள்? முன்பு வாங்கியதை மனத்தில் ஒரு மங்கலான சித்திரமாக வைத்துக்கொண்டுதானே போகிறார்கள்? அந்த நினைப்பை மயக்கினால் போதும், அது தவறுதான் என்று கோர்ட் முடிவு செய்தது. நம் பெண்கள் கடையில் சாமான் வாங்குகிற விதத்தை நன்றாகப் புரிந்துகொண்டு சொன்ன தீர்ப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி எங்கள் குடும்பத்துச் சங்கதிக்கு வருகிறேன். கும்பகோணத்தில் இருக்கும் என் மூத்த ஓரகத்தி, நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், 2012-ல் தன் மகளின் பிரசவத்துக்காக அங்காயப் பொடி செய்தாள். இளம் தாய்மார்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், வேப்பம்பூ, சுக்கு, மிளகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்து, உப்புச் சேர்த்து இடிப்பது. பிள்ளை பெற்றவளுக்குச் சுடுசாதத்தில் முதல் பிடி இதைப் போட்டு நெய் விட்டுப் பிசைந்து கொடுப்பது வழக்கம். மிளகாய் வற்றலைக் கிட்டவே சேர்க்க மாட்டார்கள். பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் கேட்டு வாங்கிப் போனார்கள். அவர்கள் சொல்லி வேறு வீடுகளிலிருந்து ஆள் வந்தது. இரண்டு வருஷத்தில் அக்கா லேபிள் அடித்துவிட்டாள். எங்கள் மாமியாரை அந்தத் தெருவில் எல்லாரும் செல்லமாகக் கூப்பிடும் பெயரையே பொடிக்கும் வைத்தாள். பெயர் என்ன என்று கேட்காதீர்கள். இந்தப் பக்கத்தில் சொந்தக்காரர் சரக்குக்கு விளம்பரம் கூடாது என்பது ஆசிரியரின் கண்டிப்பான உத்தரவு!

வியாபாரம் வளர்ந்தபோது வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் மாதாமாதம் வந்து மொத்தமாக எடுத்துப் போக ஆரம்பித்தார். பணம் ஒழுங்காக வந்தது. நாலைந்து வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு அவர் எடுப்பதைக் குறைத்தார், அப்புறம் வருவதையே நிறுத்தினார். கொரோனா சமயம், வியாபாரம் படுத்திருக்கும் என்று அக்காவும் விட்டுவிட்டாள்.

2022-ல் ஒரு நாள் சென்னையிலிருந்து ஒரு பாட்டியம்மாள் போன் செய்தார். லேபிளில் பழைய போன் நம்பரைப் பார்த்து எப்போதோ குறித்து வைத்திருந்தவர். கோபமென்றால் அப்படி ஒரு கோபம்.

"ஏம்மா, உன் பொடியை நம்பித்தானே என் பேத்திக்கு வாங்கினேன்? பதினோரு நாள்தான் ஆறது குழந்தை பிறந்து. ஒரு வாய் வச்சதும் கண்ல தண்ணி வந்துடுத்து. இதுல மிளகாய் போட்டிருக்கியே, உனக்கே நியாயமா இருக்கா?"

அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. பாக்கெட்டை அனுப்பச் சொல்லிப் பார்த்தால், பெயர் அதே பெயர், எழுத்துகூட அதே சாய்வு. அடியில் மட்டும் வேறு விலாசம். உள்ளே இருந்தது மிளகாயும் உப்பும் கலந்த ஏதோ ஒரு பொடி.

அக்கா எனக்குப் போன் செய்து அழுதது இன்னும் காதில் இருக்கிறது. "காசு போனா போறதுடீ. அந்தப் பாட்டி என்னைத் திட்டினாளே, அதுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அது என் பொடி இல்லைன்னு ஊரெல்லாம் போய்ச் சொல்ல முடியுமா?"

சகோதரிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நம் பெயரை ஒருவன் எடுத்துக்கொண்டால் நஷ்டம் நமக்கு மட்டும் இல்லை. பெயரை நம்பி வாங்குகிறவளுக்கும், பச்சை உடம்போடு இருக்கும் அந்தப் பெண்ணுக்கும்தான்.

என் மகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிரேட் மார்க் அலுவலகத்தின் இணையதளத்தில் தேடினான். இந்தத் தேடலுக்குப் பைசா செலவு இல்லை, யாரும் பார்க்கலாம். பெயரையும் எந்த வகுப்பு என்பதையும் கொடுத்தால் போதும். ஒலி ஒத்துப் போகிற பெயர்களையும் காட்டச் சொல்லலாம். தேடினால் அந்தக் கடைக்காரரே அக்கா வைத்த பெயரைத் தம் பெயருக்குப் பதிவு செய்ய விண்ணப்பம் போட்டிருக்கிறார்! அதுவும் அலுவலகம் ஏற்றுக்கொண்டு, அவர்களுடைய பத்திரிகையில் வெளியிட்டும் ஆயிற்று.

இந்தப் பத்திரிகை விஷயத்தை விளக்கிவிடுகிறேன். டிரேட் மார்க் ஜர்னல் என்று பெயர். ஒவ்வொரு திங்கட்கிழமையும் இணையதளத்தில் வருகிறது. கல்யாணப் பத்திரிகை அடித்து ஊருக்கெல்லாம் சொல்கிற மாதிரி, "இன்னார் இந்தப் பெயரைக் கேட்கிறார், யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்பதற்கு இது. வெளியான நாளிலிருந்து 4 மாதம் தவணை. அதற்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் பெயர் அவருக்குப் போய்விடும். அதற்கு மேல் ஒரு நாள் கேட்டாலும் கிடையாது. நாங்கள் பார்த்தபோது அக்காவுக்கு 6 வாரம் மிச்சம் இருந்தது.

அக்கா வக்கீலைப் பார்த்தாள். ஆட்சேபணைக்கு அரசாங்கக் கட்டணம் 2,700 ரூபாய், இணையம் வழியாகப் போட்டால். வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "இந்தப் பெயரை நீங்கதான் முதலில் வச்சீங்கன்னு காட்ட என்ன இருக்கு?"

அக்கா எழுந்து போய்ப் பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினாள். 2014-ல் முதல் லேபிள் அடித்த அச்சாபீஸ் ரசீது, தேதியோடு. கூரியர் சீட்டுகள். அந்தக் கடைக்காரருக்கே சரக்குக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய கணக்கு நோட்டு. பழைய லேபிள் ஒவ்வொன்றிலும் ஒன்று. ரப்பர் பாண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தாள். எங்கள் மாமியார் பழக்கிய பழக்கம் அது, ஒரு துண்டுக் காகிதத்தையும் தூக்கிப் போட விடமாட்டார். வக்கீல் அதையெல்லாம் பார்த்துவிட்டு, "பாதிக் கேஸ் இந்த டின்னுலயே இருக்கும்மா" என்றாராம். நம் சட்டத்தில் முதலில் பதிவு கேட்டவரைவிட, முதலில் அந்தப் பெயரில் உண்மையாக வியாபாரம் செய்தவருக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதைச் செய்தேன் என்று வாயால் சொன்னால் போதாது.

ஆட்சேபணை நகல் போய்ச் சேர்ந்ததிலிருந்து 2 மாதத்துக்குள் அந்தக் கடைக்காரர் பதில் மனுப் போட வேண்டும். அவர் போடவில்லை. தம் கையெழுத்துள்ள நோட்டைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. பதில் வராவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகச் சட்டமே எடுத்துக்கொள்கிறது. அப்படியே 2023-ல் அது முடிந்தது. சண்டையே இல்லாமல் முடிந்ததே என்று நினைக்காதீர்கள். அவர் பதில் போட்டிருந்தால் சாட்சியம், விசாரணை என்று வருஷக்கணக்கில் இழுத்திருக்கும்.

ஆட்சேபணை போட்ட கையோடு அக்கா தன் பெயருக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டாள். அதை எப்படிப் போட்டாள் என்று விவரமாக எழுதுகிறேன், உங்களுக்கு வேண்டியது அதுதானே?

முதலில் வகுப்பு. உலகத்திலுள்ள சரக்கையும் தொழிலையும் 45 வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் 34 பொருள்களுக்கு, மீதி 11 சேவைகளுக்கு. மசாலாப் பொடி, காபிப் பொடி, மாவு, இனிப்பு, அப்பளம் எல்லாம் 30-ஆம் வகுப்பு. ஊறுகாயும் காய்கறி வற்றலும் 29. நன்னாரி சர்பத் 32. குளியல் பொடி, சோப்பு 3. மருந்து என்று சொல்லி விற்கிற லேகியம் 5, ஆனால் அதற்கு மருந்து லைசென்ஸ் தனியாக வேண்டும், விளையாட்டில்லை. தைத்த உடுப்பு 25. பாட்டு வகுப்பு, டியூஷன் 41. சாப்பாட்டு மெஸ், கேட்டரிங் 43. அழகு நிலையம் 44. ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனிக் கட்டணம் என்பதால், என்றைக்கோ செய்யப் போகிற சோப்புக்கும் சர்பத்துக்கும் இன்றைக்கே பணம் கட்டாதீர்கள். பதிவு செய்துவிட்டு 5 வருஷத்துக்கு மேல் அந்தப் பெயரில் வியாபாரமே செய்யாமல் வைத்திருந்தால் பிறர் கேட்டு நீக்கவும் முடியும்.

கட்டணம் தனி நபருக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், இணையம் வழியாக. காகிதத்தில் எழுதிச் சென்னை கிண்டியில் ஜி.எஸ்.டி. சாலையிலுள்ள அலுவலகத்தில் நேரே கொடுத்தால் 5,000. தமிழ்நாடு, புதுவை, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா எல்லாவற்றுக்கும் அந்த ஒரே அலுவலகம்தான். கம்பெனியாகச் சேர்ந்து செய்பவர்களுக்கு இது இரட்டிப்பு, 9,000. ஆனால் சிறுதொழில் என்பதற்கு உத்யம் சான்றிதழ் காட்டினால் அவர்களுக்கும் 4,500தான். மனுத் தள்ளுபடியானால் பணம் திரும்பாது. அதனால்தான் முன்னாலேயே நன்றாகத் தேடிவிடுங்கள் என்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுத் தேட வேண்டும். ஆண்டாள், அம்பாள் கதையை மறக்காதீர்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இணையத்தில் நாமே போடலாம், அதற்கு டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அல்லது வக்கீலோ, பதிவு பெற்ற டிரேட் மார்க் ஏஜெண்டோ போடலாம். அவர்களுடைய கூலி ஆளுக்கு ஆள் வேறு, முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. பெயர் தமிழில் இருந்தால் அது எப்படி உச்சரிக்கப்படுகிறது, என்ன அர்த்தம் என்று ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதிக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே விற்றுக்கொண்டிருப்பவர்கள் எந்தத் தேதியிலிருந்து என்று சொல்லிப் பிரமாணப் பத்திரமும் ரசீதுகளும் சேர்க்க வேண்டும். இனிமேல்தான் ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்றால் அப்படியே எழுதலாம், தவறில்லை.

வக்கீலின் குமாஸ்தா படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தவர், உரிமையாளர் என்ற இடம் வந்ததும் என் கணவரின் அண்ணாவைப் பார்த்து, "சார் பேரையே போட்டுடட்டுமா?" என்றாராம்.

அக்கா கேட்டாள்: "சார் பொடி இடிப்பாரா?"

பக்கத்தில் இருந்த அவர் சிரித்துவிட்டு, "எனக்கு உப்பு எவ்வளவுன்னுகூடத் தெரியாது, அவ பேர்லயே எழுதுங்க" என்றார். நல்ல மனுஷர். எல்லா வீட்டிலும் இவ்வளவு சுலபமாக இது நடக்காது என்று எனக்குத் தெரியும். சண்டைக்காகச் சொல்லவில்லை. டிரேட் மார்க் என்பது வீடு, நிலம் மாதிரி ஒரு சொத்து. விற்கலாம், எழுதி வைக்கலாம், வாடகைக்கு விடுவது போல் அனுமதி கொடுத்துப் பணம் வாங்கலாம். யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய சொத்து. நாலு பெண்கள் சேர்ந்து செய்தால் நாலு பேர் பெயரையும் போடுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று ஒருத்தி பெயரில் மட்டும் போட்டுவிட்டுப் பிறகு மனஸ்தாபப்பட்ட குழுக்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு உண்டு.

விண்ணப்பத்தைப் பரிசோதகர் பார்ப்பார். குறை இருந்தால் அறிக்கை வரும். அதற்கு 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இந்த 30 நாளைக் கோட்டை விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அக்காவுக்கும் வந்தது. இதே பெயரில் முன்பே ஒரு மனு இருக்கிறதே என்று அந்தக் கடைக்காரரின் மனுவையே காட்டியிருந்தார்கள்! வக்கீல் ஆட்சேபணை விவரத்தை எழுதிப் பதில் போட்டார். பிறகு ஜர்னல், 4 மாதம். 2024-ல் சான்றிதழ் வந்தது.

இதற்கிடையே பாக்கெட்டில் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக 'டி.எம்.' என்று போட்டுக்கொள்ள யாருக்கும் தடையில்லை. வட்டத்துக்குள் 'ஆர்' என்ற எழுத்தைப் போடுவது மட்டும் சான்றிதழ் வந்த பிறகுதான். பதிவாகாமல் அதைப் போட்டால் அது சட்டப்படி தவறு, தண்டம் உண்டு. பக்கத்துக் கடை பாக்கெட்டில் அழகாக இருக்கிறதே என்று அச்சாபீஸ்காரரே போட்டுவிடுவார், ஜாக்கிரதை.

பெயர் தேர்ந்தெடுப்பதைப் பற்றியும் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். 'சுத்தமான சாம்பார் பொடி', 'ருசியான ஊறுகாய்' என்றெல்லாம் வைத்தால் கிடைக்காது. சுத்தம், ருசி என்பவை எல்லாரும் சொல்ல வேண்டிய சொற்கள், ஒருவர் வேலி போட முடியாது. சாமி பெயர் வைக்க நமக்கெல்லாம் ஆசை. ஆனால் எத்தனை பேர் லக்ஷ்மி என்று வைத்திருக்கிறார்கள்! பிறரைத் தடுப்பது கஷ்டம். ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைப் பதிவு செய்ய முடியாது, புனித நூலின் பெயரை ஒருவர் தனக்கென்று கேட்கக் கூடாது என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. உங்கள் சொந்தப் பெயரை வைக்கலாம்; ஆனால் அதே பெயருள்ள இன்னொருத்தி நேர்மையாகத் தன் பெயரில் வியாபாரம் செய்தால் தடுக்க முடியாது. ஊர்ப் பெயரோ ஊருக்கே சொந்தம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லும் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர் உற்பத்தியாளர்கள் எல்லாருக்கும் பொதுவானது அது.

அப்படியானால் எதைத்தான் வைப்பது? சரக்கின் குணத்தைச் சொல்லாத, கேட்டால் மறக்காத ஒரு சொல். நிர்மா சோப்புத்தூளை வீட்டில் தயாரித்து விற்க ஆரம்பித்த குஜராத்துக்காரர் தம் மகள் நிருபமாவின் பெயரைச் சுருக்கி வைத்தார். பம்பாயில் 1959-ல் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் இட ஆரம்பித்தார்களே, அவர்கள் 1962-ல் பெயருக்காக ஒரு போட்டி வைத்தார்கள். பரிசு 5 ரூபாய். அப்படிக் கிடைத்த பெயர்தான் லிஜ்ஜத். ருசி என்று குஜராத்தியில் அர்த்தம். மேலே ருசி வேண்டாம் என்றாயே என்று கேட்கிறீர்களா? உண்மைதான். அத்தனை வருஷம் அத்தனை பெண்கள் உழைத்து அந்தச் சொல்லை அவர்களுடைய அப்பளத்துக்கே உரியதாக்கிவிட்டார்கள். அப்படி ஆகும் வரை காத்திருக்க நமக்குத் தெம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயரை வெறும் எழுத்தாகவும் பதியலாம், படமும் வர்ணமும் சேர்ந்த லேபிளாகவும் பதியலாம். எழுத்தாகப் பதிந்தால் நாளைக்கு லேபிளின் நிறத்தை மாற்றினாலும் கவலையில்லை. கையில் ஒரு மனுவுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நான் எழுத்தைத்தான் சொல்வேன்.

சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புகிறோமே, அங்கேயும் செல்லுமா என்று நாகர்கோவில் வாசகி கேட்கிறார். செல்லாது, இது இந்தியாவுக்குள் மட்டும். மாட்ரிட் உடன்படிக்கையில் இந்தியா 2013-ல் சேர்ந்ததால் இங்கிருந்தே ஒரே மனுவில் வேறு நாடுகளுக்கும் கேட்க வழியுண்டு. வெளிநாட்டு வியாபாரம் நிலையாக நடந்தால் யோசிக்கலாம். பிள்ளைகளுக்கு அனுப்பும் பார்சலுக்கு வேண்டாம்.

பதிவான பிறகும் யாராவது காப்பியடித்தால் நாம் குடியிருக்கிற மாவட்டத்து நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பெரும்பாலும் அதற்கு முன் ஒரு வக்கீல் நோட்டீஸோடு முடியும் என்பார்கள்.

கடைசியாக, மொத்தமாக எடுத்து விற்பவர்களிடம் சரக்குக் கொடுக்கும் சகோதரிகளுக்கு. முதல் மூட்டை போவதற்கு முன்னால் ஒரு காகிதத்தில், பெயரும் லேபிளும் உங்களுடையவை, அவருக்கு விற்கும் அனுமதி மட்டும்தான், வேறு சரக்கை அந்தப் பெயரில் போடக் கூடாது என்று எழுதி இரண்டு பேரும் தேதியோடு கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மனிதர் கோபித்துக்கொள்ள மாட்டார். அக்கா இப்போது மூன்று கடைகளுக்குக் கொடுக்கிறாள், மூன்றிடமும் எழுதி வாங்கியிருக்கிறாள். பதிவு விண்ணப்பத் தேதியிலிருந்து 10 வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். இணையத்தில் 9,000 ரூபாய், முடிவதற்கு ஒரு வருஷம் முன்பிலிருந்தே கட்டலாம். அக்காவுக்கு 2032-ல் வருகிறது. சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டலாமே என்றேன். "எதுக்கு? எண்ணெய்ப் பிசுக்கு ஆயிடும்" என்று அதையும் அந்தப் பிஸ்கட் டின்னிலேயே வைத்துவிட்டாள்.